மடாமின் காரும் உன் பட்டு வேட்டியும்

தம்பி,

நீயும் துளசியும் கல்கரிக்குக் குடிபோகப் போகிறீர்கள் என்று உன் அப்பா வந்து சொன்னபோது நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். "நல்லது, போகட்டும், அங்கை நல்ல வேலையாம்" என்று சொல்லிவிட்டு வெட்டினதையே திரும்பவும் வெட்டினேன். நீ போவது எனக்குக் கவலைதான். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதவைப்பது கவலை இல்லை, வெட்கம். உன் கலியாணத்தன்று உன் அம்மா நான் செய்த வேலையை உன் தலையில் கட்டிவிட்டு, ஒரு வருடமாக ஒன்றுமே நடக்காததுபோல உனக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழியோடு நீ விமானம் ஏறக்கூடாது. அதை உன் தலையிலிருந்து இறக்கத்தான் எழுதுகிறேன். துளசிக்கும் வாசித்துக் காட்டு. அவளுடைய அம்மா அப்பாவுக்கும் காட்டு. யார் பார்த்தாலும் சரி.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குத் தெரியும், நான் காரின் கதையை எடுத்தாலே நீயும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பீர்கள். இந்த ஒருமுறை பொறுத்துக்கொள். அதன் கம்பனிப் பெயரை எழுதமாட்டேன். அந்தப் பெயரைச் சனத்துக்குச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

சபனெல் தெருத் தையல் தொழிற்சாலை மூடின பிறகு சென்ட் லோரன்டில் பழைய கார்கள் திருத்தும் கராஜில் எனக்கு வேலை கிடைத்தது உனக்கு நினைவிருக்கும். சட்டை தைத்தவளைக் கார் இருக்கைக்குத் தோல் தைக்க விட்டார்கள். நாங்கள் பத்ரோன் என்று கூப்பிடும் முதலாளி முதல்நாளே ஒரு காரின் மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை இழுத்துக் காட்டினார். கரும்பச்சை நிறம், சந்தன நிறத்தில் இருக்கைகள், கூரை பின்னால் மடிந்து கிடந்தது. அது மடாமின் கார்; கராஜின் பழைய வாடிக்கைக்காரி, எல்லாரும் அவரை மடாம் என்றுதான் கூப்பிடுவோம். அன்றிலிருந்து அதன் இருக்கைக்கும் கூரைக்கும் நான்தான் பொறுப்பு.

அதன் வரலாற்றைப் பத்ரோன் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த நாளில் இங்கிலாந்தில் பெரிய கம்பனிகள் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டும்தான் செய்து கொடுக்குமாம். உடம்பைக் கட்டுவது வேறு பட்டறைகள், முன்னர் குதிரைவண்டி கட்டிய பட்டறைகள். காசுக்காரன் போய், நாங்கள் சட்டை தைக்கக் கொடுப்பதுபோல, எனக்கு இப்படி வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவானாம். பிறகு உடம்பும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த கார்கள் வந்தன. அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மிஞ்சினவற்றைக் கம்பனியே வாங்கி, கூரை திறக்கிற கார்களை மட்டும் அவர்கள் கையில் விட்டது. மடாமின் கார் எழுபதுகளில் அப்படிக் கட்டியது. கூரையை எடுத்தால் கார் நெளிந்துபோகும் என்று அடியில் இரும்பு கூட்டி வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்துப் பலகை வாதுமை மரம். ஒரே மரத்தைச் சீவி, இடப்பக்கத்து ரேகையும் வலப்பக்கத்து ரேகையும் கண்ணாடியில் பார்த்ததுபோலப் பொருத்தியிருக்கிறார்கள். தோல்கூட முள்ளுக்கம்பி வேலி இல்லாத இடத்தில் மேய்ந்த மாட்டுத் தோல்தானாம், கீறல் இருக்கக்கூடாதென்று. இதை வீட்டில் வந்து சொன்னபோது உன் அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "எங்களை முள்ளுக்கம்பிக்குள்ளை வைச்சிருந்தாங்கள். மாட்டுக்கு அது கூடாதாம்." நீ சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாய். நான் மட்டும் கோபித்துக்கொண்டேன், என்னவோ அந்த மாட்டை நான் வளர்த்ததுபோல.

மடாமின் கணவர் அதை லண்டனில் வாங்கிக் கப்பலில் மொன்ட்ரியால் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தாராம். பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு அதன் சில்லில் ஒருநாளும் பட்டதில்லை. இலையுதிர்காலம் முடியமுன் கராஜுக்கு வந்துவிடும், மடாம் புளோரிடாவுக்குப் போய்விடுவார், அவர் திரும்பி வந்த பிறகுதான் கார் வெளியே போகும். அவருடைய கணவர் சிகரெட்டால் சுட்ட துளை ஒன்று கைவைக்கிற இடத்துக்குக் கீழே இருக்கிறது. கதவில் நாய் பிறாண்டிய அடையாளம் இருக்கிறது. நான் ஒருமுறை மடாமிடம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். இது அவர், இது நாய். யார் செய்தது என்று தெரிந்தால் அது பழுது இல்லை" என்றார். அதைக் கேட்டு மண்டையை ஆட்டினேன். விளங்கவேண்டிய நேரத்தில் எனக்கு விளங்கவில்லை.

ஒரு பனிக்காலம் முழுக்க அதன் கூரையைப் புதிதாகத் தைத்தேன். உள்ளே ஒரு துணி, நடுவில் மெத்தை, வெளியே தடித்த துணி, மூலைகள் எல்லாம் கையால். மடாம் வந்து விரலால் தடவிப் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்தார். அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தொலைபேசியில் சொந்தக்காரரோடு கதைக்கும்போது "மடாமின்ர கார்" என்று சொல்லிவந்த வாய், எப்போதென்று தெரியாமல் "எங்கட கார்" என்று சொல்லத் தொடங்கியது.

உன் கலியாணம் மே மாதத்தில் பொருந்தியது. எங்கள் ஆட்கள் மாப்பிள்ளையை எதில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று உனக்குத் தெரியும். ஒருவர் நீட்டுக் காரில் வந்தால் அடுத்தவர் குதிரையில் வருகிறார். பெரியம்மாவின் மகன் ஹெலிகொப்டர் விசாரித்தவன். நீ முதலிலேயே சொல்லிவிட்டாய்: "அம்மா, நான் என்ர சின்னக் காரிலையே வாறன். கழுவி, ஒரு பூமாலை போட்டால் காணும்." நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லும்போதே எனக்குள் வேறு கணக்கு ஓடியது. மடாம் புளோரிடாவிலிருந்து வர இன்னும் நாள் இருக்கிறது. சனிக்கிழமை கராஜ் பூட்டு. அதைத் திறக்கிற திறப்பு என்னுடைய கைப்பையில்.

ஆகவே எடுத்தேன். கேட்காமல் எடுத்தேன். இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. காஞ்சிபுரம் சீலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, வலப்பக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மா கூரை திறந்த காரைக் கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நீ தலைப்பாகையோடு படியில் நின்று பார்த்தாய்.

"அம்மா, இது மடாமின்ர காரெல்லோ?"

"ஓம். உனக்கெண்டு தந்தவ. கலியாணப் பரிசாம்."

"உண்மையாவோ?"

"பின்னை? ஏறு, நேரம் போகுது."

அப்பா மாத்திரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "தந்தவ எண்டால் ஏன் நேற்றே சொல்லேல்லை?" என்று கேட்டார். நல்லநாளும் அதுவுமாக வாயைத் திறக்கவேண்டாம் என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் போய்ச் சித்தப்பாவின் வான் வண்டியில் ஏறினார். பட்டுவேட்டியும் சால்வையுமாக அவர் பின் இருக்கையில் சாமான் பெட்டிகளுக்கு நடுவில் போனார். நீ மடாமின் மனம் நோகக்கூடாதென்று ஏறினாய். ஒருத்தர் அன்பாகத் தந்ததைத் தட்டக்கூடாதென்று ஏறினாய். உன் நல்ல குணத்தைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்பதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மண்டப வாசலில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து சொல்லவேண்டும். மாப்பிள்ளை இறங்கி வாசலில் நின்ற பிறகுதான் ஆலாத்தி எடுப்பது. அதுதான் முறை. நான்தான், நீ காரில் இருக்கும்போதே எடுக்கவேண்டும், வீடியோவில் காரும் விழவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். துளசியின் மாமிமார் இரண்டுபேரும் சங்கடத்தோடு தட்டைக் கார்க் கதவுக்கு மேலே பிடித்தார்கள். வாழைப்பழத் துண்டில் திரி எரிந்தது, நடுவில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர். முதல்முறை ஒழுங்காகத்தான் முடிந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்போது வீடியோ எடுத்த பெடியன் சொன்னான், காரின் முன்பக்கம் சரியாக விழவில்லை என்று.

"திருப்பி ஒருக்கா எடுங்கோ!" என்றேன்.

"ஆலாத்தியை ஆரும் ரெண்டுதரம் எடுப்பினமோ?" என்று மூத்த மாமி கேட்டா.

"எடுங்கோ, எடுங்கோ, ஒண்டும் ஆகாது!"

இரண்டாம் முறை காற்று அடித்தது. திரி அவவின் சீலைத் தலைப்புப் பக்கம் சரிய, அவ பதறிப்போய்க் கையை இழுத்தா. தட்டுச் சரிந்தது. தண்ணீர் சந்தன நிறத் தோலில் விழுந்தது, உன் வேட்டியிலும் விழுந்தது. எல்லாரும் ஐயோ என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு மறந்திருக்காது. அத்தனை சனத்துக்கு முன்னால், மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த உன்னைப் பார்த்து, "எருமை, தள்ளி இருக்கத் தெரியாதே? வேட்டியைப் பழுதாக்கிப் போட்டாய்!" என்று கத்தினேன். நீ தாலி கட்டும்வரை சால்வையால் மடியை மூடிக்கொண்டு இருந்தாய். துளசியின் அம்மா மெல்லக் கேட்டா, இவ்வளவு ஆடம்பரம் எதற்கு, பிள்ளையள் எளிமையாகத்தானே கேட்டார்கள் என்று. "நான் எங்கை கேட்டனான்? எல்லாம் தம்பியின்ர ஆசை" என்றேன். அது என் இரண்டாவது பொய். அன்றிலிருந்து அந்த வீட்டில் உனக்குக் "கார் மாப்பிள்ளை" என்று பெயர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் பகிடி பண்ண, நீ சிரித்துக்கொண்டு இருந்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், தம்பி. கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிறு முழுக்கத் தோலைத் துடைத்தேன். டெப்பனேர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய அப்பச்சோடா, எலுமிச்சை, கராஜில் இருந்த மருந்துகள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் தோலுக்குள் இறங்கினால் போகாது என்று சமைக்கிற எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை பத்ரோன் துணியை இழுத்தார். பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்டார். பதினைந்து வருட வேலை, இந்த வயதில் வேறு எங்கே போவேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்று சாட்டாகச் சொல்ல வரவில்லை. "மோன் ஃபிஸ்" என்று தொடங்கினேன். என் மகன் கேட்டான், ஒரே பிள்ளை, கலியாண நாளில் அழுது கேட்டான், மறுக்க முடியவில்லை என்றேன். அழுது கேட்டானாம்! நீ சின்னனில் ஊசி போடும்போதுகூட அழாத பிள்ளை. பத்ரோன் பெருமூச்சு விட்டார். பிள்ளைகள் இப்படித்தான் என்றார். மடாமுக்குத் தானே சொல்வதாகச் சொன்னார். என் வேலை தப்பியது.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல நீ என்னை ஏற்ற வந்தாய். புதுமாப்பிள்ளை, ஆனாலும் அம்மா பஸ்ஸுக்கு நிற்கக்கூடாதென்று வந்தாய். நான் கை கழுவிக்கொண்டு வர, நீ பத்ரோனோடு கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். காரில் ஏறினேன். நீ கோட் வெர்ட்டுச் சந்தி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா, மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாய். அவ்வளவுதான். பத்ரோன் ஒன்றும் சொல்லவில்லை, தப்பினேன் என்று நான் நினைத்தேன். ஓமடா, பிட்டும் முட்டைப்பொரியலும் என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் துளசியின் மாமிமாரைக் குறைசொல்லிக்கொண்டு வந்தேன்.

போன கிழமைதான் எல்லாம் தெரிந்தது. மடாமுக்குக் கண் மங்குகிறது. காரை விற்கப் போகிறார். ஒன்ராரியோவிலிருந்து வாங்க வருகிற ஆள் பின் இருக்கைத் தோலை மாற்றித் தரச் சொல்கிறாராம். அது விஷயமாக மடாம் கராஜுக்கு வந்தார். கறையை விரலால் தடவிக்கொண்டு, "இது உன் மகன்" என்றார். பிறகு சொன்னார், நீ அவர் வீட்டுக்குப் போன கதையை. கலியாணம் முடிந்து, அவர் புளோரிடாவிலிருந்து வந்த கையோடு நீ போயிருக்கிறாய். மழையில் நனைந்த சப்பாத்தோடு வாசலில் நின்று, கார் தன் ஆசைதான், அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னா, அம்மாவின் வேலைக்கு ஒன்றும் செய்யவேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். பத்ரோன் அந்த வெள்ளிக்கிழமையே உன்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கையில் இருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன், வராத இடத்தில் இங்கிலிசில் சொன்னேன். நான்தான் எடுத்தேன். அவன் கேட்கவில்லை. நீங்கள் தந்தது என்று அவனிடமும் பொய் சொன்னேன். மடாம் என்னை மன்னிப்பார் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல. அவருக்கு வந்த கோபத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. காருக்காக இல்லை. "உன் மகனை நான் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்கவைத்து, தாயின் பிழைப்பை விளையாட்டாக நினைக்கிற சுயநலக்காரன் என்று ஏசி அனுப்பினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். இப்போது நான் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்ல?" என்றார். அந்த மனுசியையும் உனக்கு அநியாயம் செய்யவைத்துவிட்டேன்.

பத்ரோன் கராஜ் திறப்பைத் திருப்பி வாங்கிவிட்டார். வேலை இருக்கிறது, ஆனால் இனி வேறு ஒருவர் வந்து கதவைத் திறக்கும்வரை நான் வெளியே நிற்கவேண்டும். நிற்கிறேன். மடாமின் காரைத் தொடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அந்தத் தோலை வேறு ஒருவர் மாற்றுவார். நான் தைத்த கூரையோடு அது ஒன்ராரியோவுக்குப் போகும். அங்கே யாராவது அதன் கதையைக் கேட்டால், லண்டன், கப்பல், சிகரெட், நாய் என்று சொல்வார்கள். என்னுடைய பங்கு, கறைபட்ட அந்தத் தோலோடு குப்பையில் கிடக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து உன் கலியாண வீடியோவைப் போட்டேன். நான் அதை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், காரைப் பார்க்கச் சொல்லி. அன்றுதான் உன்னைப் பார்த்தேன். தட்டுச் சரிகிறது. மற்ற எல்லாரும் பின்னால் போகிறார்கள். நீ முன்னால் வருகிறாய். தண்ணீர் விழுகிற இடத்துக்கு மடியைக் கொடுக்கிறாய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. உன் வாய் அசைகிறது. நாதஸ்வரச் சத்தத்தில் கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "'அம்மான்ர வேலை' எண்டு சொல்லுறான்." எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளையைத்தான் எருமை என்றேன்.

இன்று காலை துளசியின் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவ முழுவதையும் கேட்டா. பிறகு, "மருமோன் ஒருநாளும் உங்களை விட்டுக்குடுத்துக் கதைச்சதில்லை" என்று மட்டும் சொன்னா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். துளசி, நீ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உனக்கும் ஒன்று சொல்கிறேன். இவன் தன் தலையில் விழுவதை எல்லாம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பான். அதை நல்ல குணம் என்று நானும் ஊருக்குச் சொல்லித் திரிந்தேன். அப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்குப் பிழைவிடுவது சுகமாகிவிடும். நீ அந்தச் சுகத்துக்குப் பழகிவிடாதே. தம்பி, நீயும் உனக்கு நோகும்போது வாயைத் திற. என்னிடம் திறக்காமல் விட்டதை அவளிடமாவது திற. யார் செய்தது என்று தெரிந்தால் அது பழுது இல்லை என்று மடாம் சொன்னதை நான் இப்போதுதான் விளங்கிக்கொள்கிறேன்.

வேட்டி என்னிடம்தான் இருக்கிறது. கறையை எடுத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தது. போகவில்லை. கல்கரிக்கு அதை நீ கொண்டுபோகவேண்டாம், அது என்னுடைய பெட்டியில் இருக்கட்டும்.

நீ புறப்படமுன் இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. வருவாய் என்று எனக்குத் தெரியும், வராதே என்று சொன்னாலும் வருவாய். நான் வெளியே நிற்பேன். நீ ஏசு. துளசியையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டுபேருமாக ஏசுங்கள். வீடுவரை ஒன்றும் பேசாமல் வந்தாலும் சரி. ஆனால் காரில் ஏறியதும், அம்மா சாப்பிட்டனீங்களோ என்று மட்டும் கேட்டுவிடாதே, ராசா. அதை மட்டும் என்னால் தாங்க ஏலாது.

உன் அம்மா